நெட் இல்லாத லேப்டாப்: பழைய மெஷினில் லினக்ஸ் போட்டும் வைஃபை வராதவர்களுக்கு

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார், 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதையும் பார்த்தாயிற்று. காலியான இடத்தில் நெட் இல்லாத லேப்டாப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், அந்த அளவுக்கு எங்கள் சத்துவாச்சாரி பக்கம் பீரோ மேல் தூங்கும் பழைய லேப்டாப்கள் அதிகம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அந்தக் காலத்து மெஷின்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருக்கும். அப்படி அக்கா படித்து முடித்து வைத்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.

"இன்னாண்ணா இது, மூணு லினக்ஸ் போட்டுப் பாத்துட்டேன், வைஃபையே காட்ட மாட்டேங்குது."

மின்ட், லுபுன்டு, எம்எக்ஸ். மூன்றும் டெபியன் என்ற தாய் லினக்ஸ் வீட்டுப் பிள்ளைகள்தான், உள்ளே இருப்பது ஏறக்குறைய அதே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), அதே டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்). ஒன்றில் வராதது அடுத்ததில் வந்தால் அது பெரும்பாலும் அதிர்ஷ்டம். மூன்று நாள் இன்ஸ்டால் செய்ததற்குப் பதில் மூன்று நிமிஷம் செலவழித்து எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்த்திருக்கலாம்: வைஃபை கார்டு கண்ணில் படுகிறதா, டிரைவர் ஏறியிருக்கிறதா, ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றுகிற குட்டி மென்பொருள்) கிடைத்ததா, எங்காவது ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா. இந்த நாலும் சரி என்றால்தான் ரூட்டர் பக்கமே போக வேண்டும்.

கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் ஒரு யூஎஸ்பி கேபிள்

வைஃபை வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும் என்ற இடத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போன் இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. போனைக் கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பு மாதிரி தானாகவே எடுத்துக்கொள்ளும், தனியாக எதையும் போட வேண்டாம். போன் வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே கேபிள் வழியாக வரும், டேட்டா செலவாகாது. டெதரிங் பட்டன் அழுத்தவே முடியாமல் மங்கலாக இருந்தால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது.

பென்டிரைவில் இருந்து கிளம்பவே இல்லை

இது வைஃபை விஷயம் இல்லை, ஆனால் பலரும் இங்கேயே விழுகிறார்கள். எக்ஸ்86-64 பிராசசர் வேண்டும் என்று ஒரு வரி காட்டி நின்றுவிட்டால் உங்களுடையது 32 பிட் மெஷின். ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக்குகள், கோர் டியோ (கோர் 2 டியோ இல்லை, அது 64 பிட்) எல்லாம் இந்த வகை. உபுன்டு 32 பிட்டை எப்போதோ நிறுத்திவிட்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13லும் 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. டெபியன் 12, எம்எக்ஸ் 23 ஆகியவற்றின் 32 பிட் பதிப்பைத் தேடுங்கள். திரை கறுப்பாகவே நின்றால் பூட் மெனுவில் இ அடித்து, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்துப் பாருங்கள். அவ்வளவுதான், மேலே போகலாம்.

வைஃபை என்ற பேச்சே இல்லை, மெனுவில் கம்பி இணைப்பு மட்டும்

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ, ஒரு இடைவெளி, ஒரு ஹைபன், அதை ஒட்டி என்என்கே. பெரிய பட்டியல் வரும், அதில் நெட்வொர்க் கண்ட்ரோலர் என்று வருகிற வரியை மட்டும் பாருங்கள். ஈதர்நெட் என்று இருப்பது கம்பிக்கானது, அதை விடுங்கள். வைஃபை கார்டு இருந்தால் அதன் கம்பெனி பெயர், சதுர அடைப்புக்குள் நான்கு நான்கு எழுத்தாக ஒரு ஐடி, அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி, மூன்றும் தெரியும். இனிமேல் யாரிடம் உதவி கேட்டாலும் லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லாதீர்கள், இந்த ஐடியைச் சொல்லுங்கள். ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று விதமான கார்டு போட்டு விற்றிருப்பார்கள்.

கார்டே பட்டியலில் இல்லை என்றால், லினக்ஸைத் திட்டாதீர்கள், அதன் கண்ணுக்கே எதுவும் படவில்லை. பயாஸுக்குள் (மெஷின் கிளம்பும்போது திறக்கிற அமைப்புத் திரை) போய் ஒயர்லெஸ் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பின்பக்க மூடியைக் கழற்ற வேண்டியதுதான். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு, கார்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றினால் கார்டு தானாகவே சாய்வாக எழும்பும். அதன் தங்க நிறப் பல்லைச் சாதாரண பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். தம்பியின் மெஷினில் நடந்தது இதுதான். பத்து வருஷம் பீரோ மேல் கிடந்ததில் பல் கறுத்துப் போயிருந்தது, தேய்த்து மாட்டியதும் பட்டியலில் வந்து உட்கார்ந்தது. மூன்று லினக்ஸ் இல்லை, முப்பது போட்டிருந்தாலும் வந்திருக்காது.

கார்டு தெரிகிறது, ஆனால் டிரைவர் வரி இல்லை; அல்லது டிரைவர் இருந்தும் வைஃபை வரவில்லை

இங்கே கார்டின் சாதியைப் பொறுத்து வைத்தியம் மாறும். சூடோ (அட்மின் உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம்) டிமெஸ்க் (டி, எம், இ, எஸ், ஜி) என்று அடித்து வருகிற நீண்ட பட்டியலில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஏதோ ஒரு கோப்பின் பெயர், அதன் பின்னால் எரர் மைனஸ் 2 என்று இருந்தால், டிரைவர் தயாராக இருக்கிறது, அது கேட்கிற ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இல்லை என்று அர்த்தம். மைனஸ் 2 என்றால் 'கோப்பு இல்லை', வேறு பயப்பட ஒன்றும் இல்லை.

இன்டெல் கார்டுகள், ஐடி 8086 என்று ஆரம்பிக்கும், சாதுவானவை. டெபியனில் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை என்ற ஒரு தொகுப்பைப் போட்டால் முடிந்தது. பழைய டெபியனில் இதெல்லாம் நான்-ஃப்ரீ என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள், இன்ஸ்டாலரில் வராது, அதனால்தான் டெபியனில் வைஃபை வராது என்ற பழிச்சொல். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. ஏதெரோஸ், ஐடி 168சி, இன்னும் நல்ல பிள்ளை. ஏடிஎச்9கே டிரைவர் எடுத்துக்கொள்கிற உள் கார்டுகளுக்குத் தனி ஃபர்ம்வேரே தேவையில்லை. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ரியல்டெக் என்றால் ஃபர்ம்வேர்-ரியல்டெக்.

அப்புறம் பிராட்காம். ஐடி 14இ4. பழைய லேப்டாப்பில் தலைவலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இவர்தான், ஏனென்றால் இதற்கு ஒரு வழி இல்லை, மூன்று வழி, தப்பான வழியில் போனால் சரியான வழியும் அடைபட்டுவிடும். 4311, 4312 போன்ற பழையவற்றுக்கு பி43 என்ற திறந்த டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 2008ல் வந்த 2.6.24 முதல். ஆனால் அதற்கான ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க உரிமை இல்லை என்பதால் ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற தொகுப்பு, நீங்கள் நிறுவும் நேரத்தில்தான் நெட்டில் இருந்து இறக்கிப் பிரித்துப் போடும். அதனால்தான் பென்டிரைவில் தொகுப்பைக் காப்பி செய்து கொண்டுவந்து போட்டேன், வேலை செய்யவில்லை என்கிறார்கள். போன் கேபிள் மாட்டிய நிலையில் போடுங்கள். 4313க்கு பிஆர்சிஎம்எஸ்மேக் என்ற வேறொரு திறந்த டிரைவர், இது கெர்னலிலேயே இருக்கிறது. 43142க்குத் திறந்த டிரைவர் கிடையாது, டபிள்யூஎல் என்கிற கம்பெனி டிரைவர்தான் கதி. டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ், உபுன்டு, மின்ட் குடும்பத்தில் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்.

டபிள்யூஎல்லைப் போடும்போது அது பி43யையும் எஸ்எஸ்பி என்கிற அடிப்படை மாட்யூலையும் தடைப்பட்டியலில் போட்டுவிடும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கார்டுக்கு அடித்துக்கொள்ளும். சரி. ஆனால் சில பழைய லேப்டாப்களில் கம்பி ஈதர்நெட்டும் பிராட்காம்தான், அதன் பி44 டிரைவர் அதே எஸ்எஸ்பியை நம்பித்தான் ஓடுகிறது. வைஃபைக்கு வைத்தியம் பார்த்ததும் கம்பி நெட்டும் போச்சே என்று தலையில் கை வைப்பவர்களுக்குக் காரணம் இதுதான். அதனால் 4312 வைத்திருப்பவர்கள் பி43யோடு திருப்திப்பட்டுக்கொள்வது நல்லது. பழைய கட்டுரைகளில் என்டிஐஎஸ்ராப்பர் வைத்து விண்டோஸ் எக்ஸ்பி டிரைவரை லினக்ஸில் ஓட்டச் சொல்வார்கள், அதை இப்போது தொடவே வேண்டாம்.

'ஹார்ட்வேர் ஸ்விட்சால் அணைக்கப்பட்டுள்ளது' என்கிறது

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடியுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் சாஃப்ட், ஹார்டு என்று இரண்டு வரி வரும். சாஃப்ட் மட்டும் எஸ் (ஆம்) என்றால் சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல், முடிந்தது. ஹார்டு எஸ் என்றால் எந்தக் கட்டளையும் எடுபடாது, எங்கோ ஒரு நிஜ ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. 2006 முதல் 2010 வரை வந்த மெஷின்களில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகத்தால் தள்ளுகிற சின்னதாக ஒரு தள்ளு ஸ்விட்ச் இருக்கும், தூசி படிந்து டிசைன் மாதிரியே தெரியும், தடவிப் பாருங்கள். இல்லாவிட்டால் எஃப்என் கீயோடு ஆன்டெனா படம் போட்ட கீ.

ஸ்விட்சே இல்லாத மெஷினில் ஹார்டு பிளாக் காட்டினால் இரண்டு சந்தேகம். விண்டோஸும் கூடவே இருந்தால், அது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பில் பாதி தூங்கிவிட்டுக் கார்டை அணைத்தபடி விட்டிருக்கும், விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்து பாருங்கள். இரண்டாவது, பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிப்பது. மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்ததும் சில மெஷின்கள் நிஜமாகவே புத்தி தெளிந்து எழுகின்றன. ஸ்விட்ச் நிஜமாகவே உடைந்துபோய்விட்டது என்றால் மினி பிசிஐ-இ கார்டின் 20வது பின்னை மெல்லிய டேப் ஒட்டி மறைத்துவிடுவார்கள், அணைக்கிற சிக்னல் அந்தப் பின் வழியாகத்தான் வருகிறது. கை நடுங்காதவர்களுக்கு மட்டும்.

தெருவில் உள்ள எல்லார் வைஃபையும் தெரிகிறது, நம் வீட்டுடையது மட்டும் இல்லை

கார்டு நன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள். பழைய கார்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை, உங்கள் புது ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் இது காது கேளாத தாத்தா மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். ரூட்டரில் 2.4ஐ ஆன் செய்து தனிப்பெயர் கொடுங்கள். 2.4 ஆனில் இருந்தும் தெரியவில்லை என்றால் சேனலைப் பாருங்கள். ஆட்டோவில் விட்ட ரூட்டர் சில நாள் 12லோ 13லோ போய் உட்கார்ந்துகொள்ளும், நம் நாட்டில் அது சரிதான், ஆனால் அமெரிக்க விதிப்படி அமைத்த கார்டு 11 வரைதான் பார்க்கும். லேப்டாப்பில் நாட்டுக் குறியீட்டை மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள், சில கார்டுகள் கேட்கவே கேட்காது. ரூட்டரில் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை நிரந்தரமாக வையுங்கள்.

பாஸ்வேர்டு சரிதான், திரும்பத் திரும்பக் கேட்கிறது

ரூட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள், பழைய கார்டுகளில் பலவற்றுக்கு அது ஜீரணமாகாது, டபிள்யூபிஏ2 என்று மாற்றினால் உடனே ஒட்டிக்கொள்ளும். 2, 3 இரண்டும் கலந்த அமைப்பிலும் சில கார்டுகள் முரண்டு பிடிக்கும். ரியல்டெக் யூஎஸ்பி டாங்கிள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: நெட்வொர்க் மேனேஜர் தேடும்போது கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியை அடிக்கடி மாற்றிக்காட்டும், சில டிரைவர்களுக்கு அது பிடிக்காது. இடிசிக்குள் நெட்வொர்க்மேனேஜர் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃப் கோப்பில் டிவைஸ் என்று சதுர அடைப்புத் தலைப்பு போட்டு, வைஃபை புள்ளி ஸ்கேன்-ராண்ட்-மேக்-அட்ரஸ் சமம் நோ என்று ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கனெக்டட் என்கிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை

திரையின் மூலையில் தேதியைப் பார்த்தீர்களா? காட்பாடியில் என் மாமா பையன் ஒரு நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் போட்டுவிட்டு இரண்டு நாள் ரூட்டரோடு மல்லுக்கட்டினான். நான் போய்ப் பார்த்தால் 2009 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பிறந்த வருஷத்துக்குப் போய்விடும். 2009ல் உட்கார்ந்திருக்கும் பிரவுசருக்கு இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் வழங்கப்படாதவை, அதனால் திறக்க மறுக்கும். அப்டேட் போட்டாலும் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று முறைக்கும். சூடோ டேட், ஹைபன் எஸ், அதற்குப் பின் மேற்கோளுக்குள் வருஷம்-மாதம்-நாள் நேரம் என்று கொடுத்து, அப்புறம் சூடோ எச்டபிள்யூக்ளாக் ஹைபன் டபிள்யூ. பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும், ஆனால் சில லேப்டாப்களில் இரண்டு ஒயர் வைத்து பிளாஸ்டிக்கில் சுற்றியிருக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

தேதி சரி என்றால் பிங் 8.8.8.8 அடியுங்கள். பதில் வந்தும் தளத்தின் பெயர் போட்டால் வரவில்லை என்றால் கோளாறு தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில், இணைப்பின் செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற இடத்தில் அதே 8.8.8.8ஐக் கொடுங்கள். பிங்குக்கே பதில் இல்லை என்றால் ரூட்டரைப் பாருங்கள்.

ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வருகிறது

இதைச் சாஃப்ட்வேரில் தேடாதீர்கள். கார்டின் மேல் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் பொத்தான் மாதிரி அழுத்தி மாட்டியிருக்கும், திரையைச் சுற்றி ஓடுகிற ஆன்டெனாவுக்குப் போகின்றன. ஃபேன் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கிய மெஷினில் இதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பது சகஜம். நம் தம்பி மெஷினிலும் வெள்ளை ஒயர் கழன்று கீபோர்டுக்கு அடியில் சுருண்டிருந்தது, எந்தக் கடைக்காரர் எப்போது கழற்றினார் என்று அவன் அக்காவுக்கே நினைவில்லை. பொத்தானை நேராக வைத்து விரல் நகத்தால் அழுத்தினால் டிக் என்று உட்காரும், சாய்வாக அழுத்தினால் உடையும். சிக்னல் ஒரு கோட்டில் இருந்து மூன்று கோடாயிற்று.

ஒயர் சரியாக இருந்தும் அப்படியே என்றால், கார்டு ரியல்டெக் 8723பிஇயா பாருங்கள். சில மெஷின்களில் ஒரே ஒரு ஆன்டெனாதான், அதுவும் டிரைவர் எதிர்பார்க்காத பக்கத்தில். இடிசிக்குள் மோட்புரோப் புள்ளி டி ஃபோல்டரில் ஒரு கான்ஃப் கோப்பு உருவாக்கி, ஆப்ஷன்ஸ், ஆர்டிஎல்8723பிஇ, ஆன்ட் அடிக்கோடு செல் சமம் 2 என்று எழுதிப் பாருங்கள். சரியாகாவிட்டால் 1.

விட்டு விட்டு அறுந்து போகிறது

பெரும்பாலும் பவர் சேவிங். நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப் புள்ளி டி ஃபோல்டரில் பவர்சேவ் என்று பெயர் வருகிற கோப்பில் வைஃபை புள்ளி பவர்சேவ் சமம் 3 என்று இருக்கும், 3ஐ 2 ஆக்கினால் நின்றுவிடும். இன்டெல் பழைய கார்டில் இதற்கும் அடங்கவில்லை என்றால் மேலே சொன்ன மோட்புரோப் ஃபோல்டரில் அதே மாதிரி ஐடபிள்யூஎல்வைஃபைக்கு 11என் அடிக்கோடு டிசேபிள் சமம் 1 என்று ஆப்ஷன் கொடுங்கள், வேகம் குறையும், அறுவது நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் மட்டும் அறுந்து சாயங்காலம் ஒழுங்காக ஓடினால் டிரைவரை விட்டுவிட்டு ஃபேனைப் பாருங்கள், 41 டிகிரியில் நமக்கே நிலைகொள்ளவில்லை.

நேற்று வரை ஓடியது, அப்டேட் போட்டதும் போச்சு

டபிள்யூஎல் போன்ற வெளி டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு இது வருகிற நோய். கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் டிரைவரைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்குப் புதுக் கெர்னலின் ஹெடர்ஸ் தொகுப்பு வேண்டும், அது இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். டபிள்யூஎல்லைக் கம்பெனி 2015க்குப் பிறகு புதுப்பிக்கவே இல்லை, டெபியன், உபுன்டு போன்ற லினக்ஸ் பதிப்புக்காரர்கள்தான் ஒட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள், புத்தம்புதுக் கெர்னலில் சில நேரம் கட்டவே வராது. மெஷின் தொடங்கும்போது கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், நெட் வந்துவிடும், அங்கிருந்து ஹெடர்ஸைப் போட்டுக்கொள்ளலாம். 2012க்குப் பின் வந்த மெஷினில் டிரைவர் கட்டியும் ஏற மறுத்து கீ சரியில்லை என்று சொன்னால் அது கையொப்பம் இல்லாத டிரைவரைத் தடுக்கிற செக்யூர் பூட், பயாஸில் அணையுங்கள்.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால் கார்டையே மாற்றலாம், ஆனால் முதலில் உங்கள் பயாஸ் அனுமதிக்குமா என்று பாருங்கள். பழைய திங்க்பேடுகளில் வேறு கார்டு போட்டால் 1802 என்ற எண்ணோடு எச்சரித்துவிட்டு மேலே போக மறுக்கும். அதைவிட யூஎஸ்பி டாங்கிள் சுலபம். வாங்கும்போது பெட்டியில் இருக்கும் வேகக் கணக்கைப் பார்க்காமல் உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். ஏஆர்9271, எம்டி7601யு இரண்டுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. மாட்டியதும் சிடி டிரைவ் மாதிரி ஒரு ஐகான் வந்தால் ஏமாறாதீர்கள், விண்டோஸ் டிரைவரைக் காட்டுகிறது, இஜெக்ட் கொடுத்தால் வைஃபையாக மாறிவிடும்.

தம்பிக்கு டாங்கிள் தேவைப்படவில்லை. ரப்பர், போன் கேபிள், ஒரு ஃபர்ம்வேர், வெள்ளை ஒயர், மொத்தம் ஒன்றே கால் மணி நேரம். இப்போது சார்ஜரைப் பிடுங்கினால் ஒன்பது நிமிஷம் தாங்குகிறதாம். பேட்டரியைப் பற்றி என்னிடம் கேட்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.